மதலை எடுத்தவள்

செவந்தி அக்காவின் விசில் சத்தம் கேட்டால் வன்னிக்கரையில் மணி ஆறே கால். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. பேட்டரி வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு இரண்டு தடவை ஊதுவார். பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை. பஞ்சாயத்தில் அவருக்குத் தூய்மைக் காவலர் என்று பெயர். பச்சைச் சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை போட்டிருப்பார். அதன் பையில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பொட்டலம் இருக்கும்.

நான் ஒருமுறை பால் கவரைப் பச்சை வாளியில் போட்டுவிட்டேன்.

"ஏ இங்கிலீசு! மக்குறது எது, மக்காதது எதுன்னு தெரியாத மக்கா இருக்கியே. இதத்தான் பஸ் ஏறிப் போயி படிக்கிறியா?"

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு இங்கிலீசு. பத்தாவது வரை இலுப்பூரில் தமிழ் வழியில் படித்து, பதினொன்றாம் வகுப்புக்குத்தான் புதுக்கோட்டையில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். குவைத்தில் இருந்த அப்பா, மகள் ஆங்கிலம் பழக வேண்டும் என்று வீட்டுக்கு ஆங்கிலப் பேப்பர் போடச் சொல்லியிருந்தார். ஊரில் அந்தப் பேப்பர் வாங்கிய வீடு எங்களுடையது மட்டும்தான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

குப்பையை வைத்தே எல்லா வீட்டையும் அக்காவுக்குத் தெரியும். யார் வீட்டில் சர்க்கரை மாத்திரை அட்டை அதிகமாகிறது, யார் வீட்டுப் பையன் பாட்டிலைப் பேப்பரில் சுற்றிப் போடுகிறான், யார் வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை, எல்லாம். "அக்கா, பின் வீட்டுல என்ன சண்டை?" என்று அம்மா ஒருநாள் வாயைக் கிளறியபோது அவர் வாளியைத் தட்டிக் கொட்டிவிட்டுச் சொன்னார்: "குப்பையில பாக்குறத நான் வெளிய சொல்றதில்ல மணிமேகல. சொன்னா ஒங்க வீட்டுதையும் சொல்லணும்ல?" அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அக்காவுக்குச் சொந்த ஊர் மீமிசல். கடலோரத்துப் பெண். விராலிமலை ரோட்டில் லாரியில் லோடுமேனாக இருந்த அழகுமலையைக் கட்டிக்கொண்டு வன்னிக்கரைக்கு வந்தவர். பன்னிரண்டு வருடம் பிள்ளை இல்லை. அதன்பின் ஒருநாள் அழகுமலை மஞ்சள் காமாலையில் போய்விட்டார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. மீதியை ஆறு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் காடு. பகலிலேயே உள்ளே வெளிச்சம் குறைவு. பாதையின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள். புதியவை வெள்ளையடித்துப் பல்லைக் காட்டி நிற்கும். பழையவை தலை போய், கால் போய், வயிற்றுக்குள் பாம்பு குடியிருக்க, வரிசையாகக் காட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். மயில்கள் அகவும்போது யாரோ ஒரு பிள்ளை அழுவது போலவே இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள். எங்களுக்குப் பழக்கம்.

அந்தக் காட்டிலிருந்து ஒரு காய்ந்த குச்சியைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. உள்ளே கிடப்பதெல்லாம் அய்யனாருக்கு. ஆடிமாதத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பதினைந்து நாள் பெண்கள் உள்ளே போகவும் கூடாது. பதினைந்தாம் நாள் புரவி எடுப்பு. குதிரைகளோடு, பிள்ளை வரம் கேட்பவர்கள் மதலை எடுப்பார்கள். மதலை என்றால் ஒரு முழ உயரத்தில் மண்ணால் செய்த குழந்தை. அதைச் சுமந்துபோய்க் காட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.

என் பள்ளியில் அந்த வருடம் ஒரு எக்ஸிபிஷன் வைத்தார்கள். அவரவர் ஊரின் பழமையைக் காட்டும் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். புதிதாகச் சேர்ந்தவள் நான். வகுப்பில் வாய் திறந்து ஆங்கிலம் பேசப் பயம். பொருளாவது பேசட்டும் என்று நினைத்தேன். காப்புக் கட்டுவதற்கு மூன்று நாள் முன்னால், மதியம், யாரும் இல்லாத நேரத்தில் காட்டுக்குள் போனேன். மதலைகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்தேன். அதன் இடது கன்னத்தில் கறுப்புப் பெயின்டில் ஒரு திருஷ்டிப் பொட்டு இருந்தது. ஸ்கூல் பையில் துண்டு சுற்றி வைத்தேன். இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இப்படி நினைத்தேன் என்று எழுதுவதால் என் குற்றம் ஒன்றும் குறையவில்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

எக்ஸிபிஷன் ஒருநாள் தள்ளிப்போனதால் நான் மதலையோடு பஸ்ஸில் திரும்பிய அன்று ஊரில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. காப்புக் கட்டிவிட்டார்கள். காட்டு வாசலில் இரண்டு பேர் காவல். பையில் அது கனத்தது. பூசாரி ராக்கன் வீட்டு வழியாக வந்தேன். எல்லோரும் கோயிலில் இருந்தார்கள். பூசாரி பார்த்தால் எடுத்துப்போய் உள்ளே வைத்துவிடுவார் என்று எண்ணி, அவர் வாசலில் அதை வைத்துவிட்டு நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் யாராவது பார்ப்பார்கள்.

மறுநாள் காலை அது பூசாரி வீட்டு வாசலில் இல்லை. நிம்மதியாகப் பள்ளிக்குப் போனேன்.

சாயங்காலம் ட்யூஷனுக்குப் போன பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். தையல்கடை பிராங்க்ளின் வீட்டு வாசலில் மதலை உட்கார்ந்திருக்கிறதாம். பெரியவர்கள் போய்ப் பார்த்தபோது வாசல் காலி. அதற்கு மறுநாள் வேறு தெருவில். அதற்கடுத்த நாள் இன்னொரு வாசலில். பார்த்தேன் என்று ஒருவர் சொல்வார். கூட்டிப்போய்க் காட்டுவதற்குள் அது போயிருக்கும்.

மதலை நடக்கிறது என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது.

கோலம் போடுவதற்காக இருட்டில் கதவைத் திறக்கிறவர்கள் விடிந்த பிறகுதான் திறந்தார்கள். அதையும் ஒரு விரற்கடை திறந்து, வாசலைப் பார்த்து, பிறகு முழுதாக. குழந்தைகளைத் தெருவில் விடவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் யோசனை வந்தது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றார்கள். மயில் அகவினால் பேச்சு நின்றது. ஆறே கால் விசில் மட்டும் தவறவில்லை.

"ஒங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"புள்ள நடந்தா நல்லதுதான. நடக்க மாட்டேங்குதேன்னுதான் அழுவாக" என்றார் அக்கா.

ஒன்பதாம் நாள் காலை நான் கதவைத் திறந்தேன். அது எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் கறுப்புப் பொட்டு. என்னையே பார்த்தது.

என்னைத் தேடி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பின்னால் வந்த அம்மா என் வாயைப் பொத்தினார். பிறகு, ஏற்கெனவே யோசித்து வைத்தவர் போல, மேசையிலிருந்த ஆங்கிலப் பேப்பரை எடுத்து மதலையைச் சுற்றினார். எதிர்சாரியில் ஒரு வீடு திருப்பூருக்குப் போனவர்களால் பூட்டிக் கிடந்தது. அம்மா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், போனார், அதன் படியில் வைத்தார், வந்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

"வாயத் தொறக்காத. அவுக எவுகளோ நம்ம வாசல்ல வச்சாக. நாம தள்ளி வச்சோம். முடிஞ்சுச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மதலை நடக்கவில்லை. ஒவ்வொரு வீடும் அதைத் தன் வாசலில் பார்த்துப் பயந்து, தன் தலையில் பழி விழுந்துவிடும் என்று பயந்து, சத்தமில்லாமல் அடுத்த வாசலில் வைத்துக்கொண்டிருந்தது. வைத்தவர்களே மறுநாள் "பிராங்க்ளின் வீட்டுல பாத்தாங்களாம்" என்று அடுத்தவரிடம் கிசுகிசுத்தார்கள். ஊரையே நடுங்கவைத்த மர்மம் எனக்கு முழுவதும் தெரிந்துவிட்டது. தொடக்கமும் நான்தான். அதைத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

அன்று காலை மழை. ஆடியில் அப்படி மழை பெய்து நான் பார்த்ததில்லை. விசில் கேட்டபோது அம்மா என்னைச் சன்னலை மூடச் சொன்னார்.

இரண்டு நாள் மதலையை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் செல்போன் கடை விக்ரம் குழுவில் ஒரு வீடியோ போட்டான். அவன் கடை சிசிடிவி. கடைத்தெருவில் மழை. கூரைக்குக் கீழே செவந்தி அக்கா ஒதுங்கி நிற்கிறார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரிக்கிறார். மதலை. முந்தானையால் அதன் முகத்தைத் துடைக்கிறார். அவசரமில்லாமல், காது மடல் வரைக்கும், குளிப்பாட்டிய பிள்ளையைத் துவட்டுவது போல. பிறகு சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் போகிறார்.

அரை மணி நேரத்தில் ஊரே அவர் வீட்டு வாசலில் நின்றது. அழகுமலையின் படத்துக்குப் பக்கத்தில், காய்ந்த துண்டில் அது இருந்தது.

கோயில் முன்னால் கூட்டம் கூட்டினார்கள். அம்பலம் ஆத்மநாதன் ஐயா நாற்காலியில். ஊர்த் தலைமையை எங்கள் பக்கம் அம்பலம் என்போம். பெண்கள் ஒரு பக்கம். நான் அம்மாவுக்குப் பக்கத்தில். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"ஏம்மா செவந்தி, இது ஒன் வீட்டுக்கு எப்புடி வந்துச்சு?"

"ஒரு வாசல்ல கெடந்துச்சுங்க. மழை பேஞ்சுச்சு. நனையுமேன்னு எடுத்தேன்."

"எந்த வாசல்ல?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"கேக்குறோம்ல. எந்த வாசல்?"

"அதச் சொல்ல மாட்டேங்க."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. "புள்ள இல்லாதவ, அதான்" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். விடியக்காலையில் வாசல் வாசலாகப் போகிறவள் வேறு யார் என்று இன்னொரு குரல். எல்லாம் பொருந்திவிட்டது அவர்களுக்கு. பொருந்தியதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி இருந்ததைப் பார்த்தேன். வாசல் மாற்றி வைத்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

ஆத்மநாதன் ஐயா தட்டில் கற்பூரத்தை ஏற்றச் சொன்னார். "சரி. யார் மேலயும் அபாண்டமா பழி போட வேணாம். நான் எடுக்கலைன்னு சொல்லி கற்பூரத்த அணை. ஊரு நம்பிரும்."

அக்கா கற்பூரத்தைப் பார்த்தார். கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார்.

"எடுத்தேனேங்க. எடுக்கலைன்னு எப்புடிச் சொல்றது?"

இதுதான் அவர் செய்த தவறு. அவர்கள் கேட்டது காட்டிலிருந்து எடுத்ததை. அவர் சொன்னது படியிலிருந்து எடுத்ததை. எடுப்பது என்றால் எங்களுக்குத் திருடுவதும்தான், கீழே கிடப்பதைத் தூக்குவதும்தான், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வதும்தான். ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் அந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லக்கூடியவள் நான்தான். மணிக்கட்டை அம்மா பிடித்திருந்தார் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அம்மாவின் பிடி அவ்வளவு இறுக்கமில்லை.

கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது. ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது.

பரிகாரப் பூசை செய்து மதலையைக் காட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த நாள் விசில் கேட்டபோது யாரும் வாளியை எடுத்துக்கொண்டு வரவில்லை. அக்கா ஒவ்வொரு தெருவிலும் இரண்டு தடவை ஊதினார், காத்திருந்தார், போனார். மக்கள் குப்பையைக் கொண்டுபோய்க் கண்மாய்க்கரையில் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். பதினோரு நாள் அப்படி ஊதினார். அடுத்த மாதம் பஞ்சாயத்தில் வேறு ஆளைப் போட்டார்கள். அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு மீமிசலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பூட்டியதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

இது நடந்து ஆறு வருடம். நான் இப்போது திருச்சியில், பத்திரங்களையும் கோர்ட் காகிதங்களையும் மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன ஆனி மாதம் ஒரு புகார் மனு வந்தது. "மேற்படி பெண் அப்பொருளை எடுத்துச் சென்றார்" என்று ஒரு வரி. என் மேசைக்கு வந்த மேலாளர், "இது தூக்கிட்டுப் போனாங்களா, திருடினாங்களா? ஒழுங்கா முடிவு பண்ணிப் போடுங்க. ஒரு ஆளோட வாழ்க்கைங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அன்று என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி, மீமிசல். விசாரித்துப் போனால், மீன் இறங்குதளத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து நண்டுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கூடையும் நீலக் கூடையும்கூட இருந்தன.

"யாரு? இங்கிலீசா?"

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முன்புறத்தில் முடி நரைத்திருந்தது. கையில் நண்டு கீறிய தழும்புகள். பக்கத்துப் பெண்ணிடம் "எங்க ஊரு புள்ளடி" என்றார். எங்க ஊரு என்று சொன்னார்.

கடலைப் பார்த்த ஒரு படகின் நிழலில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் முழுவதும் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அக்கா, அந்த மதலையக் காட்டுலேருந்து எடுத்தது நாந்தான்."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"நீயா? ஒங்க அம்மா வச்சதுன்னுல்ல நெனச்சேன்."

"அம்மாவா?"

"பேப்பர் ஒங்க வீட்டு பேப்பர்ல. ஊர்லயே இங்கிலீசு பேப்பர் ஒங்க வாளியில மட்டுந்தான் விழுகும். எடுத்தவொடனே தெரிஞ்சுபோச்சு. எல்லாரையும் மாதிரி ஒங்க அம்மாவும் பயந்துபோயி தள்ளி வச்சிருக்காகன்னு நெனச்சேன். அந்தப் பேப்பர அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். எவனாச்சும் பாத்தா ஒங்கம்மா மாட்டிக்கிருவாக."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்று கற்பூரத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எல்லாரையும் மாதிரின்னா... எல்லாரும் மாத்தி மாத்தி வச்சது தெரியுமாக்கா?"

"காலங்காத்தால வண்டி ஓட்டுறவளுக்குத் தெரியாம இருக்குமா? ஒருத்தரையாச்சும் பாத்திருப்பேன்ல."

"ஏன் சொல்லல?"

"குப்பையில பாத்தத சொல்றதில்லன்னு சொல்லியிருக்கேன்ல" என்றார். கீழே வைத்த டீயை எடுத்தார். "பொய் சொல்லக் கூடாது. நான் அத பூசாரிகிட்ட ஒடனே குடுத்திருக்கலாம். ரெண்டு நாள் வீட்டுல இருக்கட்டுமேன்னுதான் வச்சேன். அது எங்களது."

"எங்களதுன்னா?"

"நாங்க எடுத்த மதலை. அவரு லாரிக்கு நம்பர் எழுதுற பெயின்ட்ட வாங்கியாந்து பொட்டு வச்சாரு. கண்ணு படுமாம். மண்ணுக்கு எவன் கண்ணுய்யா படும்னேன்." சிரித்தார். "சரி, நீ எதுக்கு எடுத்த?"

"ஸ்கூல்ல எக்ஸிபிஷன்."

"பிரைஸ் குடுத்தாகளா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "செகண்ட் பிரைஸ்" என்றேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. கொட்டகையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து "என்னடி செவந்தி?" என்றாள். "எம் புள்ள பரிச்சையில ரெண்டாவது வந்துருக்காண்டி!" என்று கத்தினார். அந்தப் பெண் விளங்காமல் போய்விட்டாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னைய மன்னிச்சிருங்கக்கா."

"ஆறு வருசமா மக்காம வச்சிருந்தியாக்கும்." வெற்றிலையை மடித்தார். "இங்க வந்து எங்கிட்ட சொல்றதுல என்ன இருக்கு? மீமிசல்ல நான் ஒண்ணும் திருடி இல்ல. எந்த ஊர்ல அந்தப் பேரோ அங்கிட்டு போயி சொல்லு."

ஆடியில் மறுபடி காப்புக் கட்டு. அதற்கு முந்தின நாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் கோபப்பட்டார், பிறகு அழுதார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காட்டுக்குள்ள போயி திருடுனவன்னு சொல்லுவாக. ஒன்னைய யாரு கட்டுவா? போனவ போயிட்டா. ஏன்டி தோண்டுற?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எப்போதும் அதிகம் பேசாதவள் நான். அந்தப் பழக்கம்தான் ஒருவரை ஊரைவிட்டு அனுப்பியது.

காப்புக் கட்ட ஊர் முழுவதும் கூடியிருந்தது. பூசாரி ராக்கன் மஞ்சள் நூலைத் தட்டில் வைத்திருந்தார். அவர் எடுப்பதற்கு முன் நான் முன்னால் போய் நின்றேன். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். மதலையைக் காட்டிலிருந்து எடுத்தது நான். பூசாரி வாசலில் வைத்தது நான். செவந்தி அக்கா இல்லை.

ஒரு மயில் அகவியது.

"ஏம்மா, ஒன்னைய யாரும் சொல்லச் சொன்னாகளா?" என்றார் ஆத்மநாதன் ஐயா.

நான் பதில் சொல்வதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து பூசாரியின் மனைவி ராசாத்தி அத்தை எழுந்தார். "அந்தப் புள்ள சொல்றது நெசந்தான். எங்க வாசல்ல இருந்துச்சு. பூசாரி வீட்டுலயே கெடந்தா இவரத்தான சொல்லுவாகன்னு நாந்தான் தூக்கி பிராங்க்ளின் வீட்டுல வச்சேன்."

"அடிப்பாவி! நீதானா?" பூசாரி தட்டோடு திரும்பினார்.

"நீங்களா அத்தை?" தையல்கடை பிராங்க்ளின் குதித்தார். "நான் வேதக்காரன், என் வாசல்ல எதுக்கு வைக்கிறாங்கன்னு மூணு நாள் தூங்கல!"

"அப்ப நீ எங்க வச்ச?"

பிராங்க்ளின் தலையைச் சொறிந்தார். "என் பொண்டாட்டி பயந்துட்டா. விக்ரம் வீட்டுல..."

எல்லோரும் செல்போன் கடை விக்ரமைப் பார்த்தார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கடையில கேமரா இருக்குன்னு தெரியும்ல. அத ஆஃப் பண்ணிட்டுத்தான் கடைத்தெரு வழியா கொண்டுபோனேன்."

"எங்க?"

"அம்பலத்து வீட்டுல."

சிரிப்பு பொங்கியது. ஆத்மநாதன் ஐயா நாற்காலியில் நிமிர்ந்து, "என் வீட்டுல அப்புடி எதுவும்..." என்று தொடங்கினார். அவர் மனைவி பிரகதாம்பாள் ஆச்சி கூட்டத்தின் நடுவிலிருந்து, "நீங்கதானங்க கண்மாய்த் தெருவுல கொண்டுபோயி வையின்னு என்னைய வெரட்டுனீங்க" என்றார். அதற்கு மேல் யார் எங்கே வைத்தார்கள் என்று கேட்க முடியாதபடி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆறு வருடமாகப் பூட்டிவைத்ததைத் திறந்துவிட்ட சந்தோஷம். ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள்.

நான் நடுவில் நின்றேன். அவ்வளவு சத்தத்தில் ஒருவர்கூட அக்காவின் பெயரைச் சொல்லவில்லை.

அப்போது அம்மா எழுந்தார். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பூட்டுன வீட்டுல வச்சது நான். என் வீட்டுப் பேப்பர்ல சுத்தி வச்சேன். அத அவ பாத்தா. பாத்தும் எம் பேர சொல்லல. செவந்தி எடுக்கல."

சிரிப்பு நின்றது. இப்போது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அவ இல்லாம எப்புடிங்க காப்புக் கட்டுறது?" என்றார் ராசாத்தி அத்தை. ஆத்மநாதன் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. "கட்டிருவோம். திருவிழா முடியவும் ஆள் அனுப்பிக் கூட்டியாருவோம்" என்றார். பூசாரி நூலை எடுத்தார். கட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஏலம் கூவும் சத்தம்.

"சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"என்ன பண்ணாக?"

"சிரிச்சாங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"சிரிப்பாகதான்." கொஞ்சம் பொறுத்து, "எம் பேர யாரும் சொன்னாகளா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அம்மா சொன்னாங்க. செவந்தி எடுக்கலைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க."

ஏலக்காரன் ஒரு விலையை மூன்று தடவை சொல்லி முடித்தான். அக்கா இருக்கிறாரா, வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை.

"எடுத்தேன்ல" என்றார் பிறகு. "மழை பேஞ்சுச்சு. நனையுமேன்னு எடுத்தேன். சொல்றதுதான் சொல்றீக, சரியாச் சொல்லச் சொல்லு."

சரி அக்கா என்றேன். போனை வைத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். திருவிழாவுக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. அவர்கள் ஆள் அனுப்புவார்களா, அனுப்பினால் அவர் வருவாரா, தெரியாது. தெரிந்ததைச் சரியாக எழுதுகிறேன். காட்டிலிருந்து எடுத்தவள் இலக்கியாவாகிய நான். மழையிலிருந்து எடுத்தவர் செவந்தி.